பெயர் போடாத உபயம்

சித்ரா பௌர்ணமியன்று நான் ஓர் ஆம்புலன்ஸை மறித்தேன்.

ஆயுதம்? ஓர் அண்டா சாம்பார் சாதம்.

நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருக்காரர்கள் யாராவது சொல்லி நீங்கள் கேட்டால் இதைவிட மோசமாக இருக்கும். அந்த ஆம்புலன்ஸ் என் அடுத்த வீட்டுக்காரருக்காக வந்தது. அவர் மூச்சுத் திணறியதற்கும் பெரும்பாலும் நான்தான் காரணம். ஒரே நாளில் ஒரு மனிதரை ஆபத்தில் தள்ளி, அவரைக் காப்பாற்ற வந்த வண்டியையும் தடுத்து... இவ்வளவு சுறுசுறுப்பாக நான் வேறு எந்தக் காரியத்தையும் செய்ததில்லை.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் — வீட்டு வரி.

செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் எங்கள் வீடு. தெருமுனைக்கு வந்தால் கிரிவலப் பாதை. தெருவில் பாதி வீடுகளின் மாடியில் வெளிநாட்டுக்காரர்கள் தங்களைத் தாங்களே தேடிக்கொண்டிருக்கிறார்கள். கீழ்த் தளத்தில் நாங்கள் அவர்கள் வாடகையைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஏப்ரல் தொடக்கத்தில் வீட்டு வரிக்கான தகவல் வந்தது. தொகை, போன தடவையைவிட ஜாஸ்தி.

எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த சிந்தனையாளன் எழுந்துவிட்டான்.

நான் கொஞ்சம் படிப்பவன் என்பது பத்திரிகையில் என் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அதில் உள்ள கஷ்டம் என்னவென்றால், எந்த அல்ப ஆத்திரத்துக்கும் ஒரு தத்துவம் கிடைத்துவிடும். சாதாரண மனிதன் “ஏன்யா இவ்ளோ வரி?” என்று முணுமுணுத்துவிட்டுக் கட்டிவிடுவான். நானோ, தனிமனிதனின் உழைப்பில் கைவைக்க அரசுக்கு என்ன உரிமை என்று ஆரம்பித்தேன். என் மனைவி கலாவிடம், இந்த வீட்டிலிருந்து ஒரு பைசா போகாது என்று அறிவித்தேன். அவள் போனைப் பார்த்தபடி, “சரி” என்றாள்.

வீட்டுக்குள் எதிர்ப்பே இல்லாததால் விவாதத்தைக் காம்பவுண்டுச் சுவருக்குக் கொண்டுபோனேன். சுவருக்கு அந்தப் பக்கம்தான் தரணேந்திரன். ஆரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பழைய சமணக் குடும்பம். தமிழ்ச் சமணர்களை அழைக்கும் வழக்கப்படி, தெருவில் எல்லோருக்கும் அவர் நயினார். கடைத்தெருவில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருந்தார். சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட பிறகு கடையை மச்சினனிடம் கொடுத்துவிட்டார். இப்போது வாரத்துக்கு இரண்டு முறை அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். ஊசி போட்டுப் போட்டு இடது கையில் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருக்கும். அவர் வெங்காயம் சாப்பிட மாட்டார், பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார், நான் சொல்லும் எதையும் உடனே ஒப்புக்கொள்ள மாட்டார்.

அவரிடம் என் கொள்கையை விளக்கினேன். வரி என்பது கௌரவமான பிடுங்கல். மனிதன் இயல்பாகவே கொடுக்கப் பிறந்தவன். அவனை மிரட்டி வாங்கத் தேவையே இல்லை. ஆதாரம்? நம்ம ஊர்ப் பௌர்ணமி! லட்சக்கணக்கான ஜனம் மலையைச் சுற்றி வருகிறது. ஒருத்தராவது பசியோடு ஊருக்குத் திரும்புகிறாரா? இதற்கு எந்த அதிகாரி வசூல் பண்ணினார்? எல்லாம் மனசாரக் கொடுத்தது. அன்னதானத்தை நடத்துகிற ஜனங்களால் ரோட்டையும் விளக்கையும் ஆஸ்பத்திரியையும் நடத்த முடியாதா?

நயினார் பொறுமையாகக் கேட்டார்.

“நடத்திக் காட்டுங்க சார். உங்கள யாரு புடிச்சினு இருக்காங்க?”

இதை அவர் கிண்டலாகச் சொன்னார். நான் அழைப்பாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே தெருக்காரர்களை வைத்து ஒரு வாட்ஸாப் க்ரூப். சித்ரா பௌர்ணமிக்கு எங்கள் தெருவின் சார்பில் அன்னதானம்; யாரிடமும் வற்புறுத்தி வாங்கக் கூடாது, தானாக வருவதை வைத்து எல்லாவற்றையும் நடத்த வேண்டும். சோறு முதல் சுத்தம் வரை.

அடேயப்பா, அந்த முதல் நாள்! அரிசிக்கு ஆள் ரெடி. சர்க்கரைப் பொங்கலுக்கு மூன்று பேர் போட்டி. நெய்க்கு ஒருவர். முந்திரிக்குத் தனியாக ஒருவர் — ‘முந்திரி உபயம்’ என்று பேனரில் தன் பெயர் தனி வரியாக வர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. எனக்குக் கண் கலங்கியது. பார்த்தீர்களா நயினார், மனித குலத்தை?

அப்புறம் நான் ஒரு கேள்வி போட்டேன். சாப்பிட்ட தட்டுகளை அள்ளுவது யார்?

ஒருவர் கைகூப்பிய படம் போட்டார். இன்னொருவர் அந்தப் படத்துக்கு லைக் போட்டார்.

சரி, வருகிற ஜனங்கள் அவசரத்துக்கு ஒதுங்க ஏதாவது ஏற்பாடு?

முந்திரிக்காரர் க்ரூப்பை விட்டே வெளியேறினார்.

யோசித்துப் பாருங்கள். கோயில் ட்யூப்லைட்டில் உபயம் பார்த்திருக்கிறோம். வெளிச்சம் வெளியே வர இடமில்லாதபடி மொத்தக் குடும்பத்தின் பெயரும் எழுதியிருக்கும். மின்விசிறி இறக்கையில் பார்த்திருக்கிறோம். சாக்கடை மூடியில் பார்த்திருக்கிறீர்களா? கழிவுநீர் லாரியின் பின்பக்கத்தில், ‘அன்பளிப்பு: இன்னார், இன்னார் மனைவி, பேரன் பேத்திகள்’?

அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்தது வேறு — பேனரில் என் பெயரை எந்த சைஸில் போடுவது என்ற கவலை.

அந்தப் பௌர்ணமி நயினாரின் டயாலிசிஸ் நாளாகவும் அமைந்துவிட்டது. காலையில் முதல் ஷிஃப்ட். வழக்கமாக அவரை அழைத்துப் போகும் ஆட்டோக்காரர், அன்று எங்கள் பக்கம் ஆட்டோவை விட மாட்டார்கள் என்று முன்பே சொல்லிவிட்டார். நயினாரின் மகன் பெங்களூரில். அவர் மனைவி விஜயாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

“நான் இருக்கேன்ல நயினார்? தடுப்பு போடறதுக்குள்ள காலைலயே என் வண்டில கொண்டுபோய் விட்டுடறேன்.”

யாரும் என்னைக் கேட்கவில்லை. யாரும் மிரட்டவில்லை. முழுக்க முழுக்க மனசார, தானாக முன்வந்து சொன்னது. என் தத்துவத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பௌர்ணமி காலை. நயினார் குளித்து, துண்டும் தண்ணீர் பாட்டிலும் வைத்த பையோடு கேட்டருகே வந்து நின்றார். நான் அன்னதான அடுப்பருகே நின்றுகொண்டிருந்தேன். பருப்பு வேகவில்லை.

“டயம் ஆவுதுங்க சார்.”

“இதோ நயினார், பருப்பு வெந்துடட்டும்.”

அவர் சிரித்துவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பை மடியில் இருந்தது. பருப்பு வெந்தது. பிறகு புளி பத்தவில்லை. பிறகு கேஸ் தீர்ந்தது. பிறகு, பேனர் கட்ட வந்தவர் என் பெயரைக் கோணலாகக் கட்டிவிட்டார். அதை நேராக்காமல் எப்படிப் போவது? இடையில் நயினார் இன்னொரு முறை வந்து நின்றதாக ஞாபகம். நான் கையைக் காட்டி, இதோ வந்துவிட்டேன் என்றதும் ஞாபகம்.

எனக்கு நிஜமாகவே ஞாபகம் வந்தபோது ரோட்டின் குறுக்கே தடுப்புகள் வந்துவிட்டன. பாதை முழுக்கத் தலைகள். நான் அசடு வழிந்தபடி, சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் போய்விடலாம் என்றேன். சித்ரா பௌர்ணமி சாயங்காலம் கூட்டம் குறையுமா? இந்த ஊர்க் குழந்தைகூட அப்படிச் சொல்லாது.

நயினார், “பரவாயில்லைங்க” என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

இதற்குள் எனக்கு வேறொரு பிரச்சினை. அன்னதானத்துக்கு முறைப்படி அனுமதி வாங்கியிருந்தோம். ஆனால் ஒதுக்கிய இடம், தெருவுக்குள் கொஞ்சம் தள்ளி ஒரு காலி மனை. அங்கே ஒரு நாய் மட்டும் வந்து வரிசையில் நின்றது. கூட்டமோ தெருமுனையோடு போய்க்கொண்டே இருக்கிறது. எனவே பந்தலைத் தெருமுனைக்கே நகர்த்தினோம். குறுக்காக. இந்த ஊரில் பௌர்ணமியன்று சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு கிடையாது. சாப்பிடுகிறவர்களுக்குத்தான் தட்டுப்பாடு. நல்ல முனையைப் பிடித்தவனுக்கே புண்ணியம்.

ஒரு பெண் எஸ்.ஐ. வந்தார். இது வண்டி வருகிற வழி, பந்தலை உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

நான் நிமிர்ந்து நின்றேன். “மேடம், இந்த ரோட்டுக்கு வரி கட்டறவன் நான்.”

கவனித்தீர்களா? எந்த வரியைக் கட்ட மாட்டேன் என்று சபதம் செய்திருந்தேனோ, அதே வரி.

அவர் என்னைப் பார்த்தார். கொளுத்தும் வெயில், காதில் விடாமல் கத்தும் வாக்கி டாக்கி, முன்னால் லட்சம் பேர்... அதற்கு நடுவில் நான் வேறு. “கட்டுங்க சார், நல்லது. அதுக்காக வழிய அடைக்காதீங்க. நான் திரும்பி வரும்போது இது இங்க இருக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு, அடுத்த அழைப்புக்கு ஓடினார். நான் பந்தலை எடுக்கவில்லை. ஓர் அதிகாரியை வாதத்தில் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த முனையிலும் வியாபாரம் மந்தம்தான். வருகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வயிறு முட்ட வந்தார்கள். நான் தட்டை நீட்டி, ஒரு வாய்தான், ஒரே ஒரு வாய் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். பிச்சை வாங்கக் கெஞ்சுவது உண்டு. போடக் கெஞ்சுவது இந்த ஊரில் மட்டும்தான். சேத்துப்பட்டிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் தட்டைக் கையால் தடுத்தார்.

“வேணாம்ணா. இதோட ஆறாவது எடம். இதுக்கு மேல துன்னா நான் மலைய சுத்த முடியாது, உருண்டுனுதான் போவணும்.”

தப்பித்தவறி வாங்கியவர்களை நான் விடவில்லை. தட்டோடு நிற்க வைத்து, பேனர் தெரிகிற மாதிரிப் போட்டோ எடுத்துக் க்ரூப்பில் போட்டேன்.

வெயில் சாய்கிற நேரம். விஜயா செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

“அண்ணா, அவருக்கு மூச்சு வாங்குது. படுக்கவே முடியல, உக்காந்துனே இருக்காரு. நூத்தியெட்டுக்குப் போன் பண்ணிட்டேன்.”

உள்ளே போய்ப் பார்த்தேன். அதே நாற்காலி. இரண்டு கைகளையும் கைப்பிடியில் ஊன்றி, முன்னால் குனிந்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல இறைத்துக்கொண்டிருந்தார். முகம் ஊதியிருந்தது. என்னைப் பார்த்தார். பேச மூச்சில்லை. பை இன்னும் மடியில் இருந்தது.

தெருமுனைக்கு ஓடினேன். தூரத்தில் சைரன் கேட்டது. பாதையைப் பார்த்தேன். தோளோடு தோள் உரசிய ஜனம்; கண்ணுக்கெட்டிய வரை தலை. ஊசி விழ இடமில்லை. வராது என்று நினைத்தேன். எப்படி வரும்?

வந்தது.

அதை நான் எப்படிச் சொல்ல... தூரத்தில் ஜனக்கூட்டத்தில் ஒரு சின்னக் கோடு விழுந்தது. கோடு நீண்டது. தோளில் குழந்தையைத் தூக்கிவைத்திருந்த ஒருவர் பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தார். அவருக்குப் பின்னால் நின்ற கிழவர் தடியை இழுத்துக்கொண்டார். காவலர்கள் இரண்டு பேர் இரும்புத் தடுப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். அடுத்த தடுப்பில் இருந்தவர்களுக்கு யார் சொன்னார்களோ, வண்டி வருமுன்பே அதுவும் மேலே போனது. அதற்கடுத்ததும். அரோகரா சத்தம் வண்டிக்கு முன்னால் அடங்கி, வண்டிக்குப் பின்னால் மறுபடி எழுந்தது. அந்த லட்சம் பேரில் ஒருவருக்கும் உள்ளே படுக்கப்போவது யார் என்று தெரியாது. என்ன ஊர், என்ன சாமி என்று யாரும் கேட்கவில்லை. மலை பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வெள்ளை வண்டி மனிதர்களுக்கு நடுவே நீந்தி வந்தது.

இத்தனை பேரும் வழி விட்டார்கள். வழி விடாமல் நின்ற ஒரே பொருள், என் அண்டா.

வண்டி பந்தலுக்கு முன்னால் வந்து நின்றது. சைரன் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. அந்த எஸ்.ஐ. எங்கிருந்தோ வந்துவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அண்டாவின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, “புடிங்க” என்றார். அவ்வளவுதான்.

நான் மறு காதைப் பிடித்தேன். சூடு. வழியில் போனவர்கள் வந்து கை கொடுத்தார்கள். ஆறு இடத்தில் சாப்பிட்ட சேத்துப்பட்டு அம்மாள் பந்தல் காலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். யாரோ கயிற்றை அறுக்க, பேனர் கீழே விழுந்தது. ஆம்புலன்ஸ் என் பெயரின் மேல் ஏறித் தெருவுக்குள் போனது.

நானும் விஜயாவோடு வண்டியில் ஏறிக்கொண்டேன். உள்ளே இருந்த மருத்துவ உதவியாளர் நயினாரின் முகத்தில் மாஸ்க் வைத்து, சிலிண்டரைத் திருகி, விரலில் ஏதோ மாட்டி, போனில் ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொன்னார். எல்லாம் ஒரே மூச்சில். பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாங்கள் கடந்த பிறகு தடுப்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. ரோட்டு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அந்த ரோட்டில் எத்தனையோ வருடமாகப் போய் வருகிறேன். நயினாரின் மூச்சை எண்ணிக்கொண்டு போனபோதுதான் அது எவ்வளவு வழவழப்பான ரோடு என்று தெரிந்தது. மேடு பள்ளம் கம்மி. வண்டி ஓர் உலுக்கல் இல்லாமல் போனது.

ஆஸ்பத்திரியில் தயாராக இருந்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, உடனே மெஷினில் போடவேண்டும் என்றார். பிறகு கேட்டார்.

“காலைல ஷிஃப்டுக்கு ஏன் வரல?”

விஜயா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“வண்டி கெடைக்கலைங்க” என்றார் விஜயா.

வாசகர்களே, இத்தனை வருடத்தில் நான் எழுதிய எந்த வாக்கியத்துக்கும் அந்த வாக்கியத்தின் கருணை இல்லை.

டயாலிசிஸ் அறையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அன்று காலை சொன்னபடி கொண்டுபோயிருந்தாலும் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பியிருப்பேன். வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆள் உயர மெஷின். நயினாரின் கையிலிருந்து இரத்தம் ஒரு குழாயில் கிளம்பி, மெஷினைச் சுற்றி, இன்னொரு குழாயில் அவருக்குள் திரும்பியது. அதுவும் ஒரு வலம்தான். அது சுற்றச் சுற்ற அவர் மூச்சு இறங்கி வந்தது. இறைப்பு நின்றது. தோள்கள் தளர்ந்தன. நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை யார் வாங்கிக் கொடுத்தார்கள்?

பழக்க தோஷத்தில் மெஷினின் பக்கவாட்டில் பெயரைத் தேடினேன். சீரியல் நம்பர்தான் இருந்தது.

தூத்துக்குடியில் யாரோ ஒருவர் சோப்பு வாங்கியிருப்பார், அதன் விலையில் கொஞ்சம் வரி. ஈரோட்டில் ஒருவர் பெட்ரோல் போட்டிருப்பார், விலையைத் திட்டிக்கொண்டே. ஓசூரில் சம்பளச் சீட்டைப் பார்த்து, இவ்வளவு பிடித்துவிட்டார்களே என்று ஒரு பெண் பல்லைக் கடித்திருப்பாள். பக்கத்துக் கட்டில்காரர், தண்டராம்பட்டுப் பக்கத்து விவசாயி. அவர் வாங்கிய பல்பொடியும் உரமும்கூட இதில் இருக்கும் — தன் கட்டிலுக்குத் தானே ஒரு ஆணியாவது அடித்திருப்பார். இதில் ஒருவரும் புண்ணியம் தேடிக் கொடுக்கவில்லை. நயினார் என்று ஒருவர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தது எல்லாம் ஒன்றுசேர்ந்து, ஒரு சித்ரா பௌர்ணமி சாயங்காலம், லட்சம் பேரைப் பிளந்துகொண்டு வந்து ஒரு மனிதரைத் தூக்கிக்கொண்டு வந்து இந்தக் கட்டிலில் போட்டிருக்கிறது. நான் கோயில் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்திருக்கிறேன். கார்த்திகையில் மலை உச்சியில் தீபம் எரியப் பார்த்திருக்கிறேன். அதற்கு நிகரான பிரமிப்பில் நான் உட்கார்ந்தது, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில்தான்.

என் தத்துவத்தில் இருந்த ஓட்டையும் அங்கேதான் தெரிந்தது. நான் மனசாரத்தான் முன்வந்தேன். அதில் பொய்யில்லை. ஆனால் மனசு வருவதற்குப் பருப்பு வேக வேண்டும், பேனர் நேராக வேண்டும். தானம் மூட் பார்த்து வரும். சிறுநீரகம் மூட் பார்க்காது.

இதற்காக எல்லா வரியும் நியாயம், எல்லாச் செலவும் ஒழுங்கு என்று நான் பாட்டுப் பாடப்போவதில்லை. கொடுத்த காசு எங்கே போகிறது என்று கேட்க வேண்டும், உரக்கக் கேட்க வேண்டும். சோப்பு வாங்கிய அந்தத் தூத்துக்குடிக்காரருக்காகவாவது கேட்க வேண்டும். ஏழையின் சோப்பில் எவ்வளவு, பணக்காரரின் லாபத்தில் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். ஆனால் ‘வரி எதற்கு?’ என்ற கேள்வி... அதற்குப் பதில் அந்தக் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது.

நயினார் கண்ணைத் திறந்தார். மாஸ்க்கை விலக்கினார். என்னைப் பார்த்தார்.

“பருப்பு வெந்துடுச்சுங்களா?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் வலது கையை அசைத்து அதை நிறுத்திவிட்டார். பேச்சை மாற்றுவதற்காக, காம்பவுண்டுச் சுவர் விவாதத்தையே எடுத்தேன். தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆனாலும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. கட்டாயப்படுத்தி வாங்கியது எப்படி நயினார் தானமாகும்?

“தானம்னு யாரு சொன்னா? தானமா இருந்தா நான் இங்க வந்தே இருக்க மாட்டேன் சார்.”

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

“உங்க பந்தல்ல ஒரு தட்டு வாங்குனவன நிக்க வச்சுப் போட்டோ எடுத்தீங்க. க்ரூப்ல பாத்தேன். நான் இங்க வாரத்துக்கு ரெண்டு வாட்டி வரேன். ஒருத்தரும் என்ன நிக்க வச்சுப் படம் புடிச்சதில்ல. நான் யாருக்கும் கும்பிடு போட்டதில்ல. என் டர்ன் வந்துச்சு, படுத்தேன், எழுந்து போறேன். நானும் முப்பது வருசம் கடையில வரி கட்டுனவன். தலைய நிமுத்திக்குனு வந்து வைத்தியம் பாத்துக்கறேன் பாருங்க, அதுக்கு என்ன பேரு வெப்பீங்களோ வெச்சுக்கோங்க.”

சொல்லிவிட்டு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டார்.

எனக்குப் பேர் எதுவும் தோன்றவில்லை. எழுதிப் பிழைப்பவன் சொல்லுக்குத் திண்டாடியது அன்றுதான். வாங்குகிறவன் யாருக்கும் நன்றிக்கடன் படாமல் வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பாட்டை மனிதர்கள் யோசித்து வைத்திருக்கிறார்கள். அதைத்தான் நான் பிடுங்கல் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் காலை நடந்தே வீட்டுக்கு வந்தேன். தெருமுனையை நெருங்கும்போது கால் தயங்கியது. நாங்கள் கொட்டிவைத்த தட்டுகள் ஒரு குன்றாக இருக்குமே? இரண்டாவது மலை என்று அதையும் யாராவது சுற்றிக்கொண்டிருந்தால்?

ஒரு தட்டு இல்லை. துப்புரவுப் பணியாளர்கள் பாதை முழுக்கப் பெருக்கி, பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். முந்தின நாள் அங்கே ஓர் ஊர் அல்ல, ஒரு மாநிலமே நடந்து போனது என்று சத்தியம் பண்ணினாலும் நம்ப முடியாது. மலை ஒன்றும் தெரியாதது போல நின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கலாவிடம் அறிவித்தேன். சபதம் வாபஸ். வீட்டு வரியை இன்றே, இப்போதே, முழு மனசோடு நானே நேரில் போய்க் கட்டப்போகிறேன்.

அவள் எனக்குக் காபியைக் கொடுத்தாள். “அத ஏப்ரல்லயே ஆன்லைன்ல கட்டியாச்சு. சீக்கிரம் கட்டுனா தள்ளுபடி உண்டு. வீடு எம் பேர்லதான இருக்கு, அதான் உங்களக் கேக்கல.”

ஆக, நான் காம்பவுண்டுச் சுவரில் அரசை எதிர்த்து நின்ற நாட்களெல்லாம் ஒழுங்காக வரி கட்டிய குடிமகனாகவே நின்றிருக்கிறேன்.

நயினார் வீடு திரும்பிய அன்று போய்ப் பார்த்தேன். முகத்தில் ஊதல் வடிந்திருந்தது. விஜயா எனக்கும் காபி கொடுத்தார். அதைக் குடிக்கத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. கண்ணில் நீர் தளும்பச் சொன்னேன்: இனிமேல் ஒவ்வொரு டயாலிசிஸுக்கும், மழையோ வெயிலோ, எந்தப் பிரதிபலனும் பாராமல் நானே உங்களை அழைத்துப் போகிறேன் நயினார்.

அவர் பதறிவிட்டார்.

“ஐயோ வேணாம் சார். ஆட்டோவுக்கே சொல்லிட்டேன். பௌர்ணமி வந்தா மொத நாளே போறதுக்கும் பேசிட்டேன். அவன் காசு வாங்கறான், கரெக்டா வந்துடுவான்.”